கடலோர வனவிலங்குப் புகலிடங்களில் ஓய்வுக்காலத் தன்னார்வப் பணியும் பறவை நோக்கலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பணி ஓய்வு பெற்ற பிறகு, ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டியில் ஊர் ஊராகப் பயணம் செய்யும் நானும் என் மனைவியும், இடையிடையே கடலோரத் தேசிய வனவிலங்குப் புகலிடங்களில் ஒரு பருவம் தங்கித் தன்னார்வப் பணி செய்து வருகிறோம். இதைக் கேள்விப்பட்ட நண்பர்களும், ஓய்வை நெருங்கிக்கொண்டிருக்கும் உறவினர்களும் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், அவற்றை ஓரிடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே உள்ளன.

வனவிலங்குப் புகலிடம் என்றால் தேசியப் பூங்காதானே? வேறு பெயரா?

இரண்டும் வேறு. தேசியப் பூங்காக்களைத் தேசியப் பூங்காச் சேவை நிர்வகிக்கிறது. புகலிடங்களை மீன் மற்றும் வனவிலங்குச் சேவை நிர்வகிக்கிறது. இரண்டும் அரசு நிலங்களைக் கவனிக்கும் உள்துறையின் (இன்டீரியர்) கீழ் வந்தாலும் நோக்கம் மாறுபடும். புகலிடங்கள் தோன்றுவதற்கு முன், பெண்களின் தொப்பிகளை அலங்கரிக்கும் இறகுகளுக்காகக் கடலோரப் பறவைகள் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டு வந்தன. அதைத் தடுக்கும் முயற்சியில், 1903 மார்ச் 14 அன்று குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், புளோரிடாவின் இந்தியன் ரிவர் காயலில் உள்ள பெலிகன் தீவைப் பறவைகளுக்கென்று ஒதுக்கினார். கூழைக்கடாக்கள் கூடு கட்டும் அந்தச் சிறு தீவுதான் முதல் புகலிடம். இன்று நாடு முழுவதும் 570க்கும் மேற்பட்ட புகலிடங்கள் உள்ளன.

1997ஆம் ஆண்டின் சட்டம் புகலிடங்களில் வனவிலங்குக்கே முதலிடம் என்று தெளிவாக்கியது. மனிதர்களின் பயன்பாடு அதற்கு இடையூறாக இல்லாத அளவுக்குத்தான் அனுமதிக்கப்படும். அதனால்தான் இங்கே விடுதிகளும் உணவகங்களும் இருப்பதில்லை, நல்ல கடற்கரை ஒன்று கோடை முழுவதும் மூடிக்கிடப்பதும் உண்டு. பூங்காவை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாற்றமடைவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

அங்கே தன்னார்வலர்கள் என்னதான் செய்வார்கள்? நாள் முழுதும் பறவை பார்த்துக்கொண்டிருக்கலாமா?

முடியாது. பார்வையாளர் மையத்தின் வரவேற்பு மேசையில் அமர்வது, நடைபாதையில் சாய்ந்த மரக்கிளைகளை அறுத்து அகற்றுவது, புல் வெட்டுவது, பலகைகளுக்கு வண்ணம் பூசுவது, கழிப்பறைகளைச் சுத்தம் செய்வது, அயல் களைச்செடிகளைப் பிடுங்குவது, பள்ளிக் குழந்தைகளுக்கு வழிகாட்டுவது ஆகியவையே அன்றாட வேலைகள். பறவைக் கணக்கெடுப்பும் கூடு காவலும் உண்டு. ஆனால் அவை எல்லாருக்கும் எல்லா வாரமும் கிடைப்பதில்லை. வரவேற்பு மேசையில் அமர்ந்தவரிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி கழிப்பறை எங்கே என்பதுதான். பறவை எங்கே என்பது அதற்கு அடுத்தபடி.

பறவைகளுக்கு உரிய நேரம் வேலைக்கு முந்தைய விடியலும் வேலை முடிந்த மாலையும் விடுமுறை நாட்களுமே. பறவை பார்ப்பது ஒன்றே நோக்கம் என்றால், அருகிலுள்ள முகாம் தளத்தில் கட்டணம் செலுத்தித் தங்கிப் பார்வையாளராக வந்து செல்வது நல்லது என்றே நான் சொல்வேன். வேலையை விரும்பி ஏற்பவருக்குப் பறவைகள் தாமாகவே கிடைக்கும். பறவைக்காக வேலையைப் பொறுத்துக்கொள்பவர் இரண்டாம் மாதத்திலேயே சோர்ந்துவிடுகிறார்.

எங்களுக்குப் பத்துப் பறவைகளின் பெயர்கூடத் தெரியாது. எங்களைச் சேர்த்துக்கொள்வார்களா?

தாராளமாகச் சேர்த்துக்கொள்வார்கள். பறவை அறிந்தவர்கள் தாமாகவே வந்து குவிவார்கள்; குழாய் வேலை, தச்சு வேலை, மின் வேலை, கணக்கு, சிறு டிராக்டர் ஓட்டுதல் ஆகியவை தெரிந்தவர்கள்தாம் கிடைப்பதில்லை. மின்வாரியத்தில் முப்பது ஆண்டுகள் பணியாற்றியவரையும், பள்ளியில் கற்பித்தவரையும் ஒருங்கிணைப்பாளர்கள் விடவே மாட்டார்கள். பெயர்களைப் பொறுத்தவரை, ஒரே குளத்தைத் தினமும் கடந்து செல்பவர் முதல் மாதத்திலேயே அங்கு வழக்கமாக வரும் பறவைகளை அடையாளம் கண்டுகொள்வார்.

எங்கே விண்ணப்பிப்பது? எவ்வளவு காலம் முன்னதாக?

கூட்டாட்சி அரசின் தன்னார்வப் பணிகளுக்கான பொதுத் தளம் வாலண்டியர்.கவ் என்பதாகும். மாநிலம், மாதம், தங்குமிட வசதி ஆகியவற்றைக் கொண்டு அதில் தேடலாம். அதைவிடப் பயன் தருவது, விரும்பும் புகலிடத்தின் தன்னார்வலர் ஒருங்கிணைப்பாளருக்கு நேரடியாகக் கடிதம் எழுதுவது. குளிர்காலத்தில் புளோரிடாவுக்கும் டெக்சாஸுக்கும் போட்டி மிகுதி என்பதால், ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு முன்னதாகவே தொடங்கிவிட வேண்டும். அதே இடங்களில் கோடைக்கு ஆள் கிடைப்பது அரிது; கோடையில் சென்று நன்றாக வேலை செய்தவருக்கு அடுத்த குளிர்காலம் எளிதாகக் கிடைப்பதைக் கண்டிருக்கிறேன்.

நேர்காணல் பெரும்பாலும் தொலைபேசியில் நடக்கும். அவர்கள் கேட்பதைப் போலவே நீங்களும் கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை மணி நேரம், அது ஒருவருக்கா இருவருக்கும் சேர்த்தா, எந்தெந்த நாட்கள் விடுமுறை, அரசு வண்டி ஓட்ட வேண்டுமா, கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்குமா, அருகிலுள்ள மருத்துவமனை எவ்வளவு தூரம். வண்டி ஓட்டுவதற்கும் குழந்தைகளோடு பணிபுரிவதற்கும் பின்னணிச் சரிபார்ப்பு இருக்கலாம். அதற்குச் சில வாரங்கள் ஆகும்.

தங்க இடம் இலவசமா? சம்பளம் உண்டா?

சம்பளம் இல்லை. தங்கிப் பணிபுரியும் தன்னார்வலருக்கு ஆர்.வி. நிறுத்தும் தளம் ஒன்று ஒதுக்கப்படும். தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் இணைப்பு மூன்றும் பெரும்பாலும் இருக்கும், துணி துவைக்கும் இயந்திரமும் பல இடங்களில் உண்டு. ஈடாக, பெரும்பாலான புகலிடங்கள் ஒருவரிடம் வாரத்துக்கு ஏறத்தாழ 20 முதல் 32 மணி நேர வேலையையும், குறைந்தது இரண்டு மூன்று மாதத் தங்கலையும் எதிர்பார்க்கின்றன. இது இடத்துக்கு இடம் மாறும் என்பதால், மேலே சொன்ன கேள்விகளை எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்வது நல்லது.

ஆர்.வி. இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். பல புகலிடங்களில் பகிர்ந்து தங்கும் விடுதி வீடுகள் உள்ளன. அவற்றில் சமையலறை பொதுவாக இருக்கும், உடன் தங்குபவர்கள் பெரும்பாலும் இளம் பயிற்சி மாணவர்களாக இருப்பார்கள்.

நுழைவுக் கட்டணச் சலுகை ஏதாவது உண்டா?

62 வயதை எட்டிய குடிமக்களும் நிரந்தர வசிப்பாளர்களும் 80 டாலருக்கு வாழ்நாள் முதியோர் அட்டை வாங்கலாம்; கட்டணம் வசூலிக்கும் புகலிடங்கள், தேசியப் பூங்காக்கள் அனைத்துக்கும் அது செல்லும். அந்த வயதை எட்டாதவர்கள், கூட்டாட்சி நிலங்களில் மொத்தம் 250 மணி நேரம் தன்னார்வப் பணி செய்தால் ஓர் ஆண்டு அட்டை இலவசமாகக் கிடைக்கும். இவை தவிர, பின்னால் வேட்டை பற்றிய கேள்வியில் விளக்கியிருக்கும் வாத்து முத்திரையும் புகலிடங்களுக்கு நுழைவுச் சீட்டாகச் செல்லும்.

எந்தப் பருவத்தில் எந்தக் கடற்கரைக்குப் போவது?

குளிர்காலம் தெற்குக்கு உரியது. புளோரிடாவில், கென்னடி விண்வெளி மையத்தை ஒட்டி 1963இல் உருவான மெரிட் தீவுப் புகலிடத்தில் வாத்துகளும், இளஞ்சிவப்புக் கரண்டிவாயன்களும், மரங்களே இல்லாத சதுப்பில் தள்ளாடித் தள்ளாடி ஓடி மீன் பிடிக்கும் செம்பழுப்புக் கொக்குகளும் கிடைக்கும். சானிபல் தீவிலுள்ள டிங் டார்லிங் புகலிடத்தின் வண்டிப் பாதை வெள்ளிக்கிழமைகளில் மூடப்படும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அங்கே கடல் வற்றும் நேரத்தில் சேற்றுப் படுகையில் பறவைகள் நெருங்கி நிற்கும். டெக்சாஸில் லகூனா அட்டஸ்கோசாவை ஒட்டிய லகூனா மாட்ரே காயலில், வட அமெரிக்காவின் செந்தலை வாத்துகளில் பெரும்பங்கு குளிர்காலத்தைக் கழிக்கிறது.

ஏப்ரலில் டெக்சாஸ் கடற்கரை வேறு முகம் காட்டும். மெக்சிகோ வளைகுடாவை இடைநில்லாமல் கடந்து வரும் சிறு பறவைகளுக்கு, கரையை நெருங்கும்போது வடக்கிலிருந்து மழையோடு காற்று எதிர்த்து வீசினால், அவை உள்நாட்டுக்குப் போக வலுவின்றிக் கண்ணில் பட்ட முதல் மரத்திலேயே இறங்கிவிடும். அன்று ஒரே புதரில் ஆறேழு நிறங்களைக் காணலாம். பறவை நோக்குநர்கள் அந்த நாளுக்காகத் தவம் கிடக்கிறார்கள். பறவைகளுக்கோ அது உயிர் பிழைத்த நாள் என்பதால், களைத்து அமர்ந்திருப்பவற்றைப் புகைப்படத்துக்காக விரட்டக் கூடாது.

மே மாதம் டெலவேர் விரிகுடாவுக்கு. தென் அமெரிக்காவின் தென்கோடியிலிருந்தும்கூடப் புறப்பட்டு ஆர்க்டிக் வரை செல்லும் ரெட் நாட் என்னும் உள்ளான் (நீரோரத்தில் இரை தேடும் சிறு பறவை), அங்கே கரையேறும் குதிரைலாட நண்டுகளின் முட்டைகளை உண்டு சில வாரங்களில் தன் எடையை ஏறக்குறைய இருமடங்காக்கிக்கொள்கிறது. பாம்பே ஹூக், பிரைம் ஹூக் ஆகிய புகலிடங்கள் அந்தக் கரையில்தான் உள்ளன. அலையில் கவிழ்ந்து கிடக்கும் நண்டை நிமிர்த்திவிடுவதும் ஒரு தன்னார்வப் பணியே. வாலைப் பிடித்துத் தூக்கினால் அதற்குக் காயம் ஏற்படும், ஓட்டின் இரு பக்கங்களையும் பிடித்துத்தான் புரட்ட வேண்டும்.

கோடையில் வர்ஜீனியாவின் சிங்கோட்டீக், நியூ ஜெர்சியின் எட்வின் ஃபோர்சைத், அல்லது குளிர்ச்சியான ஓரிகன் கடற்கரை. இலையுதிர்காலம் என்று நாட்காட்டி சொல்லும் வரை காத்திருக்காதீர்கள்: ஆர்க்டிக்கிலிருந்து திரும்பும் உள்ளான்கள் ஜூலையிலேயே வந்துவிடுகின்றன.

ஹூப்பிங் கிரேனைப் பார்க்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. உறுதியாகக் கிடைக்குமா?

டெக்சாஸின் அரன்சாஸ் புகலிடத்தில், டிசம்பர் முதல் மார்ச் வரை தங்குபவருக்குப் பெரும்பாலும் கிடைக்கும். 1937இல் அந்தப் புகலிடம் அமைக்கப்பட்டது. 1940களின் தொடக்கத்தில் அங்கு வலசை வரும் இந்தப் பெருங்கொக்குகள் பதினைந்து பதினாறாகக் குறைந்திருந்தன. இன்று அதே கூட்டம் 500ஐக் கடந்துவிட்டது. கனடாவின் வுட் பஃபலோ தேசியப் பூங்காவில் குஞ்சு பொரித்து, ஏறக்குறைய 2,500 மைல் பறந்து, அக்டோபர், நவம்பரில் இங்கே வந்து சேர்கின்றன. பெற்றோர் இருவரும், துருப்பிடித்த நிறம் கலந்த இளம்பறவை ஒன்றுமாகக் குடும்பம் குடும்பமாகப் பிரிந்து, தத்தம் சதுப்புப் பரப்பில் நீல நண்டுகளைத் தேடி நடக்கும்.

ஆனால் புகலிடத்தின் பார்வைக் கோபுரத்திலிருந்து பார்த்தால், பல நாட்களில் அவை தொலைவில் வெண்புள்ளிகளாகத்தான் தெரியும்; நெருங்கிப் பார்க்க விரும்புபவர்கள் ராக்போர்ட்டிலிருந்து புறப்படும் படகுகளில் செல்கிறார்கள். வெள்ளை உடலும் கறுப்புச் சிறகு நுனியும் கொண்ட பறவையெல்லாம் ஹூப்பிங் கிரேன் ஆகிவிடாது. வெள்ளைக் கூழைக்கடா கழுத்தை மடக்கிப் பறக்கும். ஸ்னோ கூஸ் கழுத்தை நீட்டினாலும் அதன் கால்கள் வாலுக்கு அப்பால் தெரியாது. வுட் ஸ்டார்க் நாரைக்குச் சிறகின் பின்விளிம்பு முழுவதும் கறுப்பு. கழுத்தும் கால்களும் இரண்டு பக்கமும் நேராக நீண்டு, கறுப்பு சிறகின் நுனியில் மட்டும் இருந்தால்தான் அது கொக்கு. கோபுரத்தில் தொலைநோக்கியோடு நிற்கும் தன்னார்வலர் நாளெல்லாம் விளக்குவது பெரும்பாலும் இதைத்தான்.

பைனாகுலர் எது வாங்குவது? விலை கூடினால் நன்றாகத் தெரியுமா?

8 × 42 என்று குறிக்கப்பட்டதை வாங்குங்கள். 8 என்பது உருப்பெருக்கம், 42 என்பது முன்பக்க லென்ஸின் மில்லிமீட்டர் விட்டம். பத்து மடங்கு பெரிதாக்குவது கவர்ச்சியாகத் தோன்றினாலும், கை நடுக்கமும் அதே அளவுக்குப் பெரிதாகும். நம் வயதில் அது சிறிய விஷயம் அல்ல. மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் கண் வளையத்தை உள்ளே தள்ளிவிட்டுப் பார்க்க வேண்டும், முழு வட்டமும் தெரிகிறதா என்று கடையிலேயே சோதித்துவிட வேண்டும். நடுத்தர விலைக்கு மேல் கொடுக்கும் பணத்துக்கு மங்கலான ஒளியில்தான் பலன் தெரியும். கடற்கரைக்கு முக்காலியில் நிற்கும் ஸ்கோப் எனப்படும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி மிகவும் உதவும், ஆனால் பல புகலிடங்களில் தன்னார்வலர்களுக்கு அதைக் கடன் கொடுப்பார்கள். முதல் பருவத்துக்கு வாங்க வேண்டாம்.

உள்ளான்கள் எல்லாம் ஒரே மாதிரி பழுப்பாக இருக்கின்றனவே, எப்படிப் பிரித்தறிவது?

நிறத்தை விட்டுவிட்டு நடத்தையைப் பாருங்கள். பின்வாங்கும் அலையைத் துரத்தி ஓடி, திரும்பி வரும் அலைக்கு முன் கரைக்கு ஓடிவரும் வெளிர்நிறக் கூட்டம் சாண்டர்லிங். நீண்ட அலகைத் தையல் இயந்திரத்தின் ஊசிபோல ஒரே இடத்தில் மேலும் கீழும் குத்திக்கொண்டே நகர்வது டவிச்சர். சாம்பல் நிறத்தில் ஒன்றுமில்லாததுபோல் நின்று, பறக்கும்போது மட்டும் சிறகில் கறுப்பு வெள்ளைப் பட்டையைப் பளிச்சென்று காட்டுவது வில்லெட். சில அடி ஓடி, சட்டென்று நின்று, குனிந்து கொத்தினால் அது உப்புக்கொத்தி இனம். நடை, அலகு, கால், கடைசியாக நிறம் என்ற வரிசை எனக்கு உதவியிருக்கிறது.

நேரமும் முக்கியம். கடல் முற்றிலும் வற்றியிருக்கும்போது பறவைகள் கண்ணுக்கெட்டாத தூரம் வரை பரவிவிடும். கடல் ஏறிவரும் கடைசி இரண்டு மணி நேரத்தில், நீர் அவற்றைச் சிறுகச் சிறுகக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும். ஏற்ற வற்ற அட்டவணையைப் பார்த்துவிட்டுச் செல்பவருக்கு ஒரே மணி நேரத்தில் கிடைப்பது, பார்க்காமல் செல்பவருக்கு ஒரு நாளிலும் கிடைக்காது. காரிலிருந்து இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கிப் பார்ப்பது இன்னும் நல்லது; காரைப் பறவைகள் பொருட்படுத்துவதில்லை, கதவைத் திறந்து இறங்கும் மனிதரைக் கண்டால்தான் எழுகின்றன. மெர்லின் செயலி குரலைக் கொண்டு காட்டுப் பறவைகளைச் சொல்வதில் கெட்டிக்காரன். தொலைவில் மங்கலாக எடுத்த உள்ளான் படத்துக்கு அது தரும் பெயரை நம்பிப் பதிவு செய்துவிடாதீர்கள்.

ஒரே குளத்தில் ஐயாயிரம் வாத்து என்று எழுதுகிறார்களே, உண்மையிலேயே எண்ணினார்களா?

ஒன்றொன்றாக எண்ணுவதில்லை. முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்பதைக் கண்ணில் பதித்துக்கொள்வார்கள். அதைக்கொண்டு நூறு எவ்வளவு இடம் என்று அளந்து, அந்த நூறை அளவுகோலாகக் கூட்டத்தின் மேல் அடுக்கிக்கொண்டே போவார்கள். கூட்டத்தின் நடுவில் நெருக்கமும் ஓரங்களில் இடைவெளியும் இருப்பதால், நடுவுக்கும் ஓரத்துக்கும் தனித்தனி அளவு வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் குறைத்தே எண்ணுகிறார்கள்.

இந்த எண்கள் வீண்போவதில்லை. நீர்த்தேக்கங்களின் மதகை எப்போது திறந்து எவ்வளவு நீரை வடிப்பது என்பதைப் புகலிட உயிரியலாளர்கள் இவற்றைக்கொண்டும் முடிவுசெய்கிறார்கள். நீங்கள் தனியாக எண்ணியதை ஈபேர்ட் தளத்தில் பதியலாம். 1900இல் பறவையியலாளர் பிராங்க் சாப்மன் தொடங்கிய கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பு, ஆண்டுதோறும் டிசம்பர் 14 முதல் ஜனவரி 5 வரை நடக்கிறது. பதினைந்து மைல் விட்டமுள்ள வட்டத்துக்குள் ஒரு நாள் முழுவதும் எண்ணும் அந்தப் பணியில், பெயர் தெரியாதவர்களுக்கும் குறிப்பெடுக்கும் வேலை கிடைக்கும்.

கயிறு கட்டிய இடத்தில் ஒன்றுமே இல்லையே, வெறும் மணல்தானே, அதற்கு எதற்குக் காவல்?

கூடு காவலில் நிற்கும் தன்னார்வலரிடம் ஒவ்வொரு நாளும் கேட்கப்படும் கேள்வி இது. கயிற்றுக்கு அப்பால் இருப்பது பெரும்பாலும் பைப்பிங் பிளவர் என்னும் உள்ளங்கையளவு உப்புக்கொத்தியின் கூடு. கூடு என்றால் மணலில் ஒரு சிறு பள்ளம். அதில் மணல் நிறத்திலேயே, கரும்புள்ளிகள் தெளித்த நான்கு முட்டைகள். இரண்டு அடி தள்ளி நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் அவற்றின் பாதுகாப்பு. மிதித்துவிடுவதற்குக் காரணமும் அதுவே.

அடைகாத்தல் ஏறத்தாழ நான்கு வாரம். பொரித்த சில மணி நேரத்தில் குஞ்சுகள் கூட்டை விட்டு வெளியேறி, தாமாகவே இரை தேடி நீரோரத்துக்கு ஓடும். பறக்க இன்னும் ஒரு மாதம் பிடிக்கும். அந்த நாட்களில், மணலில் விழுந்த காலடிக் குழி ஒன்றே அதற்கு ஏறமுடியாத பள்ளமாகிவிடுகிறது. நாய் ஒன்று அருகே வந்தால் தாய்ப்பறவை சிறகு ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு நடந்து அதைத் திசைதிருப்பும், அந்த நேரம் முழுவதும் முட்டைகள் வெயிலில் காயும். மேலே பறக்கும் காற்றாடியைப் பருந்து என்று எண்ணியும் அது கூட்டை விட்டு எழுகிறது. இவற்றைக் கடிந்துகொள்ளாமல் விளக்குவதே காவலரின் வேலை. ஸ்கோப்பில் குஞ்சைக் காட்டிவிட்டால், அதன் பிறகு அவர்களே மற்றவர்களைத் தடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

தரையில் கிடக்கும் இறகை நினைவுக்காக எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டப்படி, வட அமெரிக்காவின் இயல்பான பறவைகளில் பெரும்பாலானவற்றின் இறகு, முட்டை, கூடு எதையும் அனுமதியின்றி வைத்திருக்க முடியாது. உதிர்ந்த இறகுக்கும் இது பொருந்தும். கொன்று எடுத்ததா, கிடந்ததை எடுத்ததா என்று பின்னர் நிரூபிக்க இயலாது என்பதே காரணம். முதலில் சொன்ன தொப்பி வணிகத்தின் நினைவு சட்டத்தில் இப்படித் தங்கியிருக்கிறது. இறந்த பறவையைத் தொடவே வேண்டாம்: பறவைக் காய்ச்சல் பரவிவரும் இக்காலத்தில் இடத்தைக் குறித்து அலுவலகத்துக்குத் தெரிவித்தால் போதும். டிரோன் பறக்கவிடுவதற்கும் புகலிடங்களில் தடை உண்டு.

எங்கள் வயதுக்கு இது ஒத்துவருமா? கொசு, வெயில், மருத்துவம் எல்லாம் எப்படி?

வேலையை உடல்நிலைக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கலாம். முழங்கால் வலி உள்ளவர் பாதை வெட்டப் போக வேண்டியதில்லை, மேசைப் பணியைக் கேட்கலாம். பூச்சிகள் உண்மையான தொல்லைதான். அட்லாண்டிக் உவர் சதுப்புகளில் ஜூலையில் கடிக்கும் கிரீன்ஹெட் ஈக்கு எந்தப் பூச்சும் சரியாக வேலை செய்வதில்லை. உண்ணிகள் லைம் நோயைப் பரப்புவதால், புல்வெளியிலிருந்து திரும்பியதும் உடலைச் சோதிப்பது வழக்கமாக வேண்டும். தெற்கில் முதலைகள் உள்ள நீரோரத்தில் நாயை நடத்திச் செல்லக் கூடாது. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம். அந்த மாதங்களில் அட்லாண்டிக் அல்லது வளைகுடாக் கரையில் தங்குபவர் வண்டியில் எரிபொருளை எப்போதும் நிரப்பி வைத்திருப்பது நல்லது.

பணி ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட தன்னார்வலருக்கு, பணியின்போது ஏற்படும் காயத்துக்குக் கூட்டாட்சி ஊழியருக்கு உரிய இழப்பீட்டுப் பாதுகாப்பு உண்டு. வேலை நேரத்துக்கு வெளியே உங்கள் காப்பீடுதான். முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான அசல் மெடிகேர், நாடு முழுவதும் அதை ஏற்கும் எந்த மருத்துவரிடமும் செல்லும். அதற்கு மாற்றாகத் தனியார் நிறுவனங்கள் வழங்கும் மெடிகேர் அட்வாண்டேஜ் திட்டங்கள் பலவற்றில் அவசரச் சிகிச்சை தவிர மற்றவை சொந்த வட்டாரத்துக்குள்ளேயே அடங்கிவிடும். பயணத்தைத் திட்டமிடுபவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது புறப்படுவதற்கு முன் பார்த்துவிட வேண்டும்.

இந்தியாவிலிருந்து எங்கள் அப்பா அம்மா ஆறு மாதம் வருகிறார்கள். அவர்களையும் சேர்த்துவிடலாமா?

பார்வையாளர் விசாவில் வருபவர்களை, தங்குமிடம் ஈடாகத் தரப்படும் பணியில் சேர்க்க எண்ணாதீர்கள். வேலைக்குப் பதிலாகப் பெறும் எதுவும் ஊதியமாகக் கருதப்படக்கூடும் என்பதால் குடிவரவு வழக்கறிஞரைக் கேட்காமல் அடியெடுத்து வைக்க வேண்டாம். குடிமக்கள் அல்லாதவர்கள் விண்ணப்பிக்கலாமா என்பது வாலண்டியர்.கவ் அறிவிப்புகளிலேயே குறிக்கப்பட்டிருக்கும். பறவை பார்ப்பதற்கும், ஈபேர்டில் பதிவதற்கும், தன்னார்வலர்கள் நடத்தும் வழிகாட்டு நடைகளில் கலந்துகொள்வதற்கும் விசா தடையில்லை. அவர்களைப் பார்வையாளர்களாகவே அழைத்துச் செல்லுங்கள்.

புகலிடம் என்று பெயர் வைத்துவிட்டு உள்ளே வேட்டையாட விடுகிறார்களாமே? இது என்ன நியாயம்?

மரக்கறி உணவில் வளர்ந்த நம்மில் பலருக்கு இது நெருடும் என்பதை அறிவேன். 1997ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டை, மீன்பிடிப்பு, வனவிலங்கு நோக்கல், புகைப்படம், சூழல் கல்வி, விளக்கப் பணி ஆகிய ஆறையும் புகலிடங்களில் முன்னுரிமை பெறும் பயன்பாடுகளாக வகுத்திருக்கிறது. குறிப்பிட்ட பகுதிகளில், குறிப்பிட்ட நாட்களில், வரம்புக்கு உட்பட்டு வேட்டை நடக்கும்; அந்நாட்களில் சில பாதைகள் மூடப்படும், வெளியே பணிபுரிபவர்கள் ஆரஞ்சு நிறச் சட்டை அணிய வேண்டியிருக்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1934 முதல் வாத்து வேட்டைக்காரர்கள் ஆண்டுதோறும் கூட்டாட்சி வாத்து முத்திரை வாங்க வேண்டும். முதல் முத்திரைக்குப் படம் வரைந்தவர், சானிபல் புகலிடத்துக்குப் பெயர் தந்த கேலிச்சித்திரக்காரர் டிங் டார்லிங். இப்போது 25 டாலர் விலையுள்ள அந்த முத்திரையின் ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் சதுப்பு நிலங்களை வாங்கவும் காக்கவும் செல்கிறது. நாம் ரசிக்கும் பல குளங்கள் அந்தப் பணத்தில் வாங்கப்பட்டவை. வேட்டையை விரும்பாதவர்களும் முத்திரையை வாங்கலாம். நாங்கள் ஆண்டுதோறும் வாங்குகிறோம். அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால், நேர்காணலிலேயே கேட்டு, வேட்டைப் பருவம் முடிந்த பிறகு வரும் மாதங்களைத் தேர்ந்தெடுங்கள்.

சம்பளமில்லாமல் நாம் செய்தால், சம்பளத்துக்கு ஆள் எடுப்பதை அரசு நிறுத்திவிடாதா?

நியாயமான கேள்வி, இதற்கு ஆறுதலான பதில் என்னிடம் இல்லை. தன்னார்வலர் ஊழியருக்குத் துணையே அன்றி மாற்று அல்லர் என்பதே கொள்கை. நடைமுறையில் ஊழியர் எண்ணிக்கை குறைந்து, அலுவலகமே இல்லாமல் தொலைவிலிருந்து நிர்வகிக்கப்படும் புகலிடங்கள் பல உள்ளன. அங்கே தன்னார்வலர் வராவிட்டால் பார்வையாளர் மையம் பூட்டியே கிடக்கும். நாங்கள் வைத்துக்கொண்டிருக்கும் எல்லை இது: பயிற்சியும் பொறுப்பும் வேண்டிய உயிரியலாளர் பணியையோ சட்ட அமலாக்கத்தையோ தொடுவதில்லை, ஊழியர் தேவை என்பதை மக்களவை உறுப்பினருக்கு எழுதத் தயங்குவதும் இல்லை. பல புகலிடங்களுக்கு நண்பர்கள் குழு என்ற தனி அமைப்பு இருக்கும். இந்தக் குரலை எழுப்ப அதுவே ஏற்ற இடம்.

செலவை வரியில் கழித்துக்கொள்ள முடியுமா?

உங்கள் உழைப்பின் மதிப்பைக் கழிக்க முடியாது. செலவினங்களை விவரமாகக் காட்டி வரி தாக்கல் செய்பவர்கள், பணிக்காகச் சொந்த வண்டியில் சென்ற தூரத்தை மைலுக்கு 14 சென்ட் வீதம் நன்கொடையாகக் காட்டலாம். பயணத்தின் பெரும்பகுதி உல்லாசமாக இருந்தால் அது செல்லாது என்பதால் வரி ஆலோசகரைக் கேட்டுவிடுங்கள்.

மூன்று மாதம் ஒரே இடத்தில் இருந்தால் சலிக்காதா? அந்த நேரத்தில் ஆறு புகலிடங்களைப் பார்த்துவிடலாமே?

ஆறு புகலிடங்களைப் பார்த்தால் பட்டியல் நீளும். ஒரே இடத்தில் இருந்தால், ஜனவரியில் சாம்பல் நிறமாக வந்த உள்ளானின் வயிற்றில் ஏப்ரலில் கறுப்பு படர்வதைப் பார்க்கலாம். விரால் அடிப்பான் பருந்து சென்ற ஆண்டுக் கூட்டுக்குத் திரும்பி முதல் குச்சியைச் செருகும் நாளைப் பார்க்கலாம். நேற்று வரை மூன்று குஞ்சுகளோடு நடந்த வாத்து இன்று இரண்டோடு நடப்பதையும் பார்க்க நேரும். பெயர்களைச் சேர்ப்பதில் எனக்கும் ஆர்வம் உண்டு. ஆனால் என்னுடைய குறிப்பேடுகளில் திரும்பத் திரும்பப் படிக்கத் தோன்றும் பக்கங்கள், தங்கிய இடங்களில் எழுதியவைதாம்.

சலிப்பு வராது என்று சொல்லமாட்டேன். மழைநாளில் யாரும் வராத மையத்தில் நாள் முழுவதும் அமர்ந்திருப்பது அலுப்பூட்டும். இருவரில் ஒருவருக்கு மட்டுமே பறவைகளில் ஈடுபாடு இருந்தால் நிலைமை இன்னும் கடினம்; அத்தகைய இணையர்கள், மற்றவருக்குப் பிடித்த வேலையும் அருகில் ஓர் ஊரும் உள்ள புகலிடத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

பாதியில் விட்டுவிட்டு வர நேர்ந்தால் பிரச்சினை ஆகுமா?

சட்டப்படி ஆகாது, ஒப்பந்தத்தை எந்தத் தரப்பும் எப்போது வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம். உடல்நலம், குடும்ப அவசரம் ஆகியவற்றை எல்லா ஒருங்கிணைப்பாளர்களும் புரிந்துகொள்கிறார்கள். வேலை பிடிக்கவில்லை என்பது காரணமானால், வெளியேறுவதற்கு முன் வேறு பணி கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். ஒருங்கிணைப்பாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள், அடுத்த இடத்தில் பரிந்துரையும் கேட்கப்படும். ஆகவே சொல்லாமல் கிளம்புவதை மட்டும் தவிர்த்துவிட்டு, இயன்றால் இரண்டு வார முன்னறிவிப்புக் கொடுத்து, சாவிகளையும் கடன் வாங்கிய ஸ்கோப்பையும் ஒப்படைத்து, வேலை செய்த மணி நேரங்களைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டுப் புறப்படுங்கள். 250 மணி நேர அட்டைக்கு அந்த மணிகளும் சேரும்.